இன்ஜினியர் வீட்டுப் பின் பிரேக்

"இனிமே என் வண்டியோட பிரேக்கை என் கையைத் தவிர வேற எந்தக் கையும் தொடக்கூடாது!"

இன்ஜினியர் இப்படிச் சபதம் செய்தபோது அந்தக் கையில் பாதி பிஸ்கட் இருந்தது. மீதிப் பாதி டீயில் விழுந்து கரைந்துகொண்டிருந்தது. சபதம் செய்கிற ஆளுக்கு வேண்டிய கம்பீரம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் குரலில் அவர் குறை வைக்கவில்லை. எதிர்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இன்ஜினியர் என்பது படித்து வாங்கிய பட்டம் இல்லை. ஒருமுறை போஸ்ட்மாஸ்டர் வீட்டு அழைப்பு மணி அடிக்காமல் போயிற்று. இவர் வலியப் போய் அதைச் சரி செய்து கொடுத்தார். அதன் பிறகு அது நிற்காமல் அடித்தது. இரண்டு நாள் அடித்தது. மூன்றாம் நாள் போஸ்ட்மாஸ்டர் கத்தரிக்கோலால் ஒயரை வெட்டிவிட்டு, "வாங்க இன்ஜினியர் சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார். தெரு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. கேலி என்று தெரிய வேண்டியவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

பகலில் அவர் ஓர் ஆபீசின் பழைய ஃபைல் அறையில் குமாஸ்தா. அந்த ஆபீஸ் ஏலத்தில் தள்ளிவிட்ட சின்ன லாரி ஒன்றை அவர்தான் எடுத்து வந்தார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. கிலோமீட்டர் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது. அந்தத் தொட்டியில் எதையும் ஏற்றாமல், ஒரு சாப்பாட்டு டப்பாவை மட்டும் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டு தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போவார். ஒரு சாப்பாட்டு டப்பாவுக்கு லாரி எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். உண்மையான பதில் இதுதான்: வீட்டில் அவர் திருப்பினால் திரும்புகிற பொருள் அந்த ஸ்டியரிங் ஒன்றுதான்.

வீட்டில் மற்றதெல்லாம் அவர் மனைவி சொன்னபடி திரும்பும். அவரைத் தெருவே டைலரம்மா என்றுதான் கூப்பிடும். முன் அறையில் இரண்டு தையல் மிஷின். ஆஸ்பத்திரி நர்சுகளின் சீருடை முழுக்க அங்கேதான் தைக்கப்படுகிறது. வீட்டு வண்டியில் ஏற்றலாம் என்றால் ஆபீசுக்கு நேரமாகிவிடும் என்பார் இன்ஜினியர்; எனவே தைத்த மூட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வாடகை வண்டிக்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் வருகிறேன் என்று சொன்னால் வரமாட்டார் என்று அர்த்தம். இப்படி இரண்டு தடவை தாமதமாகி, இன்னொரு தடவை நடந்தால் ஆர்டரே கிடையாது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த தவணை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

அன்று சனிக்கிழமை.

"என்னங்க, திங்கட்கிழமை வண்டிச் சாவியைக் குடுங்க. நானே ஓட்டிட்டுப் போறேன்."

"நீயா? விளையாடாத. பிரேக் சரியில்ல."

"மூணு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

"மூணு வருஷமா சரியில்ல. உன் உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியுமா?"

"உங்க உயிருக்கு ஒண்ணும் ஆகாதா?"

"எனக்கு அந்த வண்டியோட சுபாவம் தெரியும்."

"அப்ப நாளைக்கு எங்க அண்ணனை வரச் சொல்றேன். பட்டறைல தினமும் பத்து பிரேக் பாக்கறவரு. மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுவாரு."

இங்கேதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிஸ்கட் உடைந்து டீயில் விழுந்ததும் இங்கேதான். பிரேக் சரியானால் சாவி தராமல் இருக்க வேறு காரணம் வேண்டும். அவரிடம் வேறு காரணம் கிடையாது. இருந்த ஒன்றைத்தான் மூன்று வருஷமாகத் துடைத்துத் துடைத்து உபயோகித்து வந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை மச்சான் பட்டறையில் வண்டியை விடும்போதுகூட, "இன்ஜின் பாருங்க மச்சான், ஆயில் மாத்துங்க, பெயின்ட் அடிங்க, ஆனா பிரேக்ல மட்டும் கை வெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். மச்சானும் சிரித்துக்கொண்டே, "உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்பார். ஆயில் மாற்றுவதற்கு ஒரு வாரம் வண்டியை வைத்துக்கொள்வார். அந்த வாரங்களில் டைலரம்மாவும் அண்ணிக்குத் தையல் சொல்லிக்கொடுக்க அங்கே போய்விடுவார். இன்ஜினியர் வீட்டில் தனியாக ரொட்டி தின்றுகொண்டிருப்பார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் முதலில் பிரேக் சரியில்லை என்று சொன்னது கலப்படமில்லாத பொய். அப்போது அந்த வண்டி மிதித்த இடத்தில் நிற்கும். ஆனால் வருஷம் ஒன்று போனதும் பின் பிரேக் நிஜமாகவே பிடிக்காமல் போயிற்று. கறக் கறக் என்று சத்தம் வேறு. தனக்குக் கருநாக்கோ என்று அவர் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்ததும் உண்டு.

ஆக, மச்சானை வரவிடக்கூடாது. வரவிடாமல் இருக்க ஒரே வழி, தானே செய்கிறேன் என்பது. தானே செய்தால் வேலை சீக்கிரம் முடியாது என்ற நம்பிக்கை அவருக்கு அவர்மேலேயே இருந்தது. எனவே அந்தச் சபதம்.

"நீங்களேவா?" என்றார் டைலரம்மா.

"நானேதான். தெருவே என்னை எப்படிக் கூப்பிடுதுன்னு தெரியும்ல?"

எதிர்வீட்டிலிருந்து போஸ்ட்மாஸ்டர் இருமினார்.

"சரி," என்றார் டைலரம்மா. இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதும் அவருக்கு லேசாகப் பயம் வந்தது.

அன்று சாயங்காலமே உதிரிபாகக் கடைக்காரர் நான்கு புது பிரேக் ஷூக்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பிறை வடிவ இரும்பு, அதன்மேல் ஒட்டிய உரசு பட்டை, அதாவது லைனிங். ஒரு சக்கரத்துக்கு இரண்டு.

"யாரு மாட்டப் போறா?" என்றார் கடைக்காரர்.

"நான்தான்."

கடைக்காரர் அவரை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"மூணு விஷயம் சொல்றேன். உள்ள இருக்கிற தூளை ஊதாதீங்க, நெஞ்சுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சுத் துடைங்க. ரெண்டாவது, டிரம்மைக் கழட்டி வெச்சுட்டு பிரேக்கை மிதிக்காதீங்க. மூணாவதுதான் முக்கியம். ஒரு பக்கத்தை முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கத்தைப் பிரிங்க. சந்தேகம் வந்தா பிரிக்காத பக்கத்தைப் பாத்துக்கலாம்."

"எனக்குச் சந்தேகம் வராது," என்றார் இன்ஜினியர்.

"அது வராதவங்களுக்குத்தான் சொல்றது," என்றார் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கிற்று. முன் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார். கை பிரேக்கை இழுத்துப் போட்டார். ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் அச்சுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு நிறுத்தினார். இரண்டு பின் சக்கரங்களையும் கழற்றினார். அதுவரை எல்லாம் புத்தகத்தில் போட்ட மாதிரி நடந்தது. அவரே அசந்துபோனார்.

அடுத்தது டிரம். பெரிய இரும்புக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து மாட்டிய மாதிரி இருக்கும். அதைக் கழற்றினால்தான் உள்ளே ஷூ. இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். காலை ஏழே முக்காலுக்கு ஆரம்பித்த சத்தம் எட்டே முக்காலுக்கும் நிற்கவில்லை. தெருக்கோடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். போஸ்ட்மாஸ்டர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தன் வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"துரு ஏறிப் பிடிச்சிருக்கு," என்று இன்ஜினியர் அவருக்கு விளக்கினார்.

"எந்த ஒயரையாவது வெட்டணும்னா சொல்லுங்க," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

டைலரம்மா டீ கொண்டுவந்து வைத்தார். வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"என்னங்க, கை பிரேக்கை எடுத்தீங்களா?"

"எதுக்கு எடுக்கணும்? பாதுகாப்புக்குப் போட்டிருக்கேன்."

"இல்ல, அது போட்டிருந்தா உள்ள இறுக்கிப் பிடிச்சிருக்காதா? அப்புறம் எப்படி வரும்?"

இன்ஜினியர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"உனக்கு எப்படித் தெரியும் கை பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும்னு?"

"சும்மா தோணுச்சு," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

இன்ஜினியர் கதவைத் திறந்து, வண்டிக்குள் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்து, கை பிரேக்கை இறக்கினார். திரும்பி வந்து, போஸ்ட்மாஸ்டர் பார்ப்பதற்காக ஒரே ஒரு அடி அடித்துவிட்டு இழுத்தார். டிரம் வெண்ணெய் மாதிரி கையோடு வந்தது. இவர் டிரம்மோடு பின்னால் போய் உட்கார்ந்தார்.

"அடிச்ச அடி வீண் போகல பாத்தீங்களா!" என்றார் தரையிலிருந்து.

உள்ளே பார்த்தால் லைனிங் என்பதே இல்லை. தேய்ந்து இரும்பே தெரிந்தது. வேகமே போகாத மனிதர் அவர். ஆடு குறுக்கே வந்தால்கூட இறங்கிப் போய் விலக்கிவிட்டு வருகிறவர்.

"ஏம்மா!" என்று கூப்பிட்டார். "இங்க வந்து பாரேன். இது எப்படி இப்படித் தேஞ்சிருக்கும்? எனக்குப் புரியவே இல்ல."

டைலரம்மா வாசல்படி வரை வந்தார். தேய்ந்த ஷூவைப் பார்த்தார்.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைக்காரர் சொன்ன மூன்றில் முதலாவதை இன்ஜினியர் மதித்தார். துணிக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுகிற டைலரம்மாவின் பாட்டிலை எடுத்துவந்து தூளை நனைத்துத் துடைத்தார். துடைத்ததும் இஸ்திரித் துணியால்தான். மற்ற இரண்டையும் அவர் மதிக்கவில்லை. கை பிரேக் விவகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விட்டதே, அதை ஈடுகட்ட இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் பிரித்தார். ஸ்பிரிங், ஆணி, கொக்கி, ஷூக்களை விரிக்கிற, பல் சக்கரம் வைத்த அட்ஜஸ்டர் என்று ஒவ்வொன்றாக வந்தது. வலது பக்கத்துச் சாமான் ஒரு வரிசை, இடது பக்கத்துச் சாமான் ஒரு வரிசை என்று ஒரு பழைய போர்வையில் பரப்பினார். ஆபீசில் ஃபைல்களை இப்படி ஒருநாளும் அடுக்கியதில்லை.

அப்புறம் ஓர் ஆசை வந்தது. டிரம் இல்லை, ஷூ இல்லை, உள்ளே ஷூவைத் தள்ளுகிற சிலிண்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் என்ன? ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். மிதித்த இடத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது என்பது மிதித்த பிறகுதான் உறைத்தது. இறங்கி வந்து பார்த்தபோது சிலிண்டரின் உள்ளே இருக்க வேண்டியது வெளியே இருந்தது. பிரேக் ஆயில் பாதி தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏதோ ஒழுகுதே சார்," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"பழைய ஆயிலை வெளியேத்தறேன்," என்றார் இன்ஜினியர். "அதெல்லாம் ஒரு முறை."

பிதுங்கி வந்ததைத் துடைத்து, கட்டை விரலால் உள்ளே தள்ளி, ஒரு நூல் கயிறு போட்டுக் கட்டினார். பிறகு சாப்பிடப் போனார். சாப்பிட்டவர் ஐந்து நிமிஷம் சாய்ந்தார். எழுந்தபோது மணி மூன்று.

வெளியே வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார். போர்வை இல்லை. வரிசை இல்லை. அந்த இடத்தில் நான்கு பட்டன் டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் பெரிய ஸ்பிரிங், ஒன்றில் சின்ன ஸ்பிரிங், ஒன்றில் ஆணி, ஒன்றில் மற்றவை. எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளவென்று இருந்தன. பழைய ஷூக்கள் நான்கும் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக.

"ஏம்மா! என்ன பண்ணி வெச்சிருக்க!"

மிஷின் சத்தம் நின்றது. "என்ன பண்ணினேன்? காத்துல மண்ணா விழுந்துச்சு. கழுவி, தரம் பிரிச்சு வெச்சேன்."

"எது எந்தப் பக்கம்னு இனிமே எப்படித் தெரியும்?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

போஸ்ட்மாஸ்டர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார்.

"தெரியும்," என்றார் இன்ஜினியர். "ஏன் தெரியாது? சும்மா உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"அப்ப சரி. நான் காலர் தைக்கணும்." மிஷின் மறுபடி ஓடத் தொடங்கிற்று.

இன்ஜினியர் உட்கார்ந்து டப்பாவில் கைவிட்டார். முதல் ஸ்பிரிங்கிலேயே நூல். சிவப்பு நூல், முடிச்சுப் போட்டுத் தொங்கிற்று. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் எதை எடுத்தாலும் நூல்தான். தலையணையில் நூல், சோப்பில் நூல், ஒருநாள் ஆபீஸ் ஃபைலிலேயே நூல். அடுத்த ஸ்பிரிங்கில் வெள்ளை நூல். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகுதான் மாட்ட ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரம் போராடினார். வலது பக்கத்தில் இரண்டு ஷூக்களை வைத்தார், ஸ்பிரிங்கை இழுத்தார். அது கையிலிருந்து விடுபட்டுப் பறந்து போஸ்ட்மாஸ்டரின் தண்ணீர் வாளியில் விழுந்தது. அவர் எழுந்து கொண்டுவந்து கொடுத்தார். மறுபடியும் பறந்தது. மூன்றாவது தடவை அவர் வாளியையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார். ஒருவழியாக மாட்டி முடித்து அட்ஜஸ்டரைத் திருப்பினால், விரிய வேண்டியது சுருங்கிற்று. எதிர்ப்பக்கம் திருப்பினார். கொஞ்சம் விரிந்து, அதன் பல்லில் மாட்ட வேண்டிய நெம்புகோல் எட்டாமல் நின்றது.

டைலரம்மா வாசல்படியில் வந்து நின்று பார்த்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிற்று.

"என்னங்க, ரெண்டு முதுகுத் துண்டையும் ஒரே சட்டையில வெச்சுத் தெச்சிருக்கீங்க."

"என்னது?"

"அந்த நாலுல ரெண்டுல லைனிங் நீளம், ரெண்டுல குட்டை. பக்கத்துக்கு ஒரு நீளம், ஒரு குட்டை வரணும். நீங்க ரெண்டு நீளத்தையும் இங்கயே மாட்டிட்டீங்க. அட்ஜஸ்டரும் அந்தப் பக்கத்தது. ஆமா, சிவப்பு நூல் இருந்ததை எல்லாம் இந்தப் பக்கம்தானே போட்டீங்க?"

இன்ஜினியர் கையில் இருந்த ஸ்பிரிங் தானாகக் கீழே விழுந்தது.

"எந்தச் சிவப்பு நூல்?"

"வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு வெள்ளை. முன்னாடி இருந்ததுக்கு ஒரு முடிச்சு, பின்னாடி இருந்ததுக்கு ரெண்டு முடிச்சு. உங்க வரிசையைப் பாத்து ஒவ்வொண்ணாக் கட்டிட்டுத்தானே டப்பாவுல போட்டேன்! ஒரு தையல்காரி அடையாளம் வெக்காமலா ஒண்ணைப் பிரிப்பா?"

அவர் காலடியில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னக் குவியல் கிடந்தது. டைலரம்மா அதைப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டரும் பார்த்தார். இன்ஜினியர் மட்டும் வானத்தைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு போன் பண்ணட்டுமா?" என்றார் டைலரம்மா, மிருதுவாக.

"வேண்டாம்!" என்று அலறினார். பிறகு குரலை இறக்கி, "நீயே ஒரு கை பிடியேன்," என்றார்.

டைலரம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய ஷூக்களைப் புரட்டிப் பார்த்தார். தேய்ந்த தடத்தைப் பார்த்தார். குட்டையை முன்னால் வைத்தார், நெட்டையைப் பின்னால் வைத்தார். ஸ்பிரிங்கின் கொக்கியை ஊசியில் நூல் கோக்கிற லாகவத்தில் கோத்தார். ஒன்றுகூடப் பறக்கவில்லை. வலது பக்கம் முடிந்ததும், "வலது கை தெச்சாச்சு, இனி இடது கை," என்று எழுந்து மறுபக்கம் போய், அதையே கண்ணாடியில் பார்த்த மாதிரி மாற்றிச் செய்தார். டிரம்மைப் போட்டுக் கையால் சுற்றி, சர்ரென்று லேசாக உரசுகிற வரைக்கும் அட்ஜஸ்டரைத் திருப்பினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இன்ஜினியர் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேற்பார்வை என்று மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவும் எங்க கத்துக்கிட்ட?"

"அண்ணன் பட்டறைல பாத்ததுதான்," என்றார் டைலரம்மா.

மீதி இருந்தது ஒரே வேலை. ஆயில் ஒழுகியதால் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. புது ஆயில் ஊற்றி அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன நட்டைத் திறந்து காற்றை விட்டு, மூட வேண்டும். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் வெளியே போன காற்று அத்தனையும் திரும்பி உள்ளே வந்துவிடும்.

இந்த ஒரு வேலைக்காக இன்ஜினியர் காலையிலிருந்து காத்திருந்தார் என்றே சொல்லலாம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் உத்தரவு போட, மனைவி அதன்படி நடக்கப் போகிறார்! டைலரம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜினியர் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"மிதி!" என்றார். குரலில் ராஜகளை.

"மிதிச்சாச்சு."

"பிடி! ம்... விடு!"

"விட்டாச்சு."

"மிதி!"

ஆகா, என்ன சுகம். முதுகில் கூழாங்கல் குத்தியது, கண்ணில் தூசி விழுந்தது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷமாகத் தையல் மிஷின் மிதித்த கால். சொன்ன நொடியில் மிதித்தது, சொன்ன நொடியில் விட்டது. ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனார். ஆறாவது தடவை, நட்டைத் திறந்த கையோடு ஸ்பானர் ஆயிலில் வழுக்கி விழுந்து, சரிவில் உருண்டு வெளியே போய்விட்டது. போஸ்ட்மாஸ்டரின் செருப்பில் மோதி நின்றது.

"காலை எடுத்துடாத!" என்று கத்தினார். "நட்டு திறந்திருக்கு!"

"எடுக்கல."

"சார், அந்த ஸ்பானர்!"

போஸ்ட்மாஸ்டர் ஸ்பானரைக் கையில் எடுத்தார். அதே நேரம் மேலேயிருந்து டைலரம்மாவின் குரல் வந்தது.

"என்னங்க, ஒரு சந்தேகம். பிரேக் சரியாயிட்டா சாவி எனக்குத்தானே?"

"இப்பவா கேக்கற? பிடி! நல்லா பிடி!"

"பிடிச்சிருக்கேன். கால்தான் லேசா வலிக்குது."

"சார், ஸ்பானர்!"

"அம்மா ஏதோ கேக்கறாங்க சார்," என்றார் போஸ்ட்மாஸ்டர். "பெரியவங்க பேசும்போது குறுக்க போகக்கூடாது."

கீழே படுத்திருந்த இன்ஜினியரின் மூளை அந்த நேரத்தில் வேலை செய்தது. அதுவும் நன்றாகவே வேலை செய்தது. சாவியைக் கொடுத்தால் என்ன? லைசென்ஸ் இல்லாமல் இவள் எப்படி ரோட்டில் ஓட்டுவாள்? கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும். மூன்று வருஷம் ஒரு காரணத்தை ஓட்டியவருக்கு ஒரு வருஷம் ஓட்ட இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது. வண்டிக்கு அடியிலிருந்த இருட்டில் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டார்.

"சாவி உனக்குத்தான்! போஸ்ட்மாஸ்டர் சார் சாட்சி! போதுமா?"

"போதும்."

ஸ்பானர் வந்தது. நட்டு மூடிற்று. கால் எடுக்கப்பட்டது. இன்னும் நாலு தடவை மிதித்து விட்டதும் குமிழி நின்று ஆயில் மட்டும் சுத்தமாக வந்தது. சக்கரம் மாட்டி, ஜாக்கியை இறக்கி, செங்கல்லை எடுத்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

இன்ஜினியர் கை கழுவி, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தையல் சாக்பீஸால் தெருவில் ஒரு கோடு போட்டார். வண்டி தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து இந்தக் கோட்டில் நின்றால் பிரேக் தேறியது என்று அர்த்தம். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, தெரு பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"சொன்ன சொல் தவறாதவன் நான். இந்தா சாவி." டைலரம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். "ஆனா பாரு, சட்டம்னு ஒண்ணு இருக்கு. லைசென்ஸ் வேணும். அது வர்ற வரைக்கும் சாவி உங்கிட்டயே இருக்கட்டும். வண்டி எங்கிட்ட இருக்கட்டும்."

அவர் தன்னையே மெச்சிக்கொண்டார். போஸ்ட்மாஸ்டர்கூட ஒரு நிமிஷம் அசந்துதான் போனார்.

டைலரம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளே போனார். ஐந்தாவது பட்டன் டப்பா ஒன்றோடு திரும்பி வந்தார். திறந்து, பட்டன்களுக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அட்டையில் டைலரம்மாவின் போட்டோ இருந்தது. தேதி போன வருஷத்தது. கனரக வண்டிக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். இன்ஜினியரிடம் இருந்த லைசென்சில் அது கிடையாது.

வண்டி கிளம்பிற்று. குலுங்கவில்லை, திணறவில்லை. தெருக்கோடியில் ஒரே வளைப்பில் திரும்பி, நேராக வந்து, சாக்பீஸ் கோட்டின்மேல் முன் சக்கரம் படுகிற மாதிரி நின்றது. போஸ்ட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார்.

இன்ஜினியர் மெதுவாக ஜன்னலருகே போனார். மனசு கனத்திருந்தது. திருப்பினால் திரும்புகிற ஒரே பொருளும் போயிற்று. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்ப கத்துக்கிட்ட? எதுல கத்துக்கிட்ட?"

"இதுலதான். நீங்க ஆயில் மாத்த விட்டுட்டு வருவீங்கல்ல, அந்த வாரமெல்லாம் அண்ணன் கத்துக்குடுத்தாரு. ஆயில் மாத்த அரை மணி நேரம்தாங்க ஆகும்."

இன்ஜினியர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"காலைல கேட்டீங்களே, லைனிங் எப்படி இப்படித் தேஞ்சிருக்கும்னு. ஆரம்பத்துல எனக்கு கை பிரேக்கை எடுக்கணும்னே ஞாபகம் வராது. இழுத்த இழுப்புல அப்படியே மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வருவேன். ஒரு நாள் புகையே வந்துடுச்சு. அண்ணன் மாத்தித் தரேன்னாரு. நீங்கதான் பிரேக்ல கை வெக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களாமே."

பேசிக்கொண்டே பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்துவிட்டார். அந்தச் சீட்டில் இன்ஜினியருடைய காலிச் சாப்பாட்டு டப்பா நாளைக்காகத் தயாராக இருந்தது.

"காலைல எட்டரைக்குக் கிளம்பிடுங்க. மூட்டையை ஏத்தி விட்டீங்கன்னா, போற வழியில உங்களை ஆபீஸ்ல இறக்கி விட்டுடறேன். அப்புறம் என்னங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை வேற வேலை வெச்சுக்காதீங்க. கிளட்சும் இதே மாதிரிதான் தேஞ்சிருக்கும்."